சிற்றாற்றில் கேட்ட என் பெயர்

கல்யாணமான புதிதில், மாமனார் ஊரான தென்காசியில் சிற்றாற்றுத் தூண்டில் போட்டிக்கு மச்சான் என்னையும் சேர்த்துவிட்டார். ஆலங்குளத்துக் குளத்தில் மட்டுமே மீன் பிடித்த எனக்கு அந்த ஆறு புதிது. மதியம்வரை ஒன்றும் சிக்காமல் எல்லாருடைய கேலிக்கும் ஆளானேன். கடைசியில் பெரிய மீன் ஒன்று மாட்டியபோது, குற்றால மலையில் பெய்த மழைவெள்ளமும் வந்துவிட்டது.

“மாப்ள, தூண்டில விட்டுட்டு வாரும்!” என்று மச்சான் கத்தினார். வெறுங்கையோடு திரும்ப எனக்கு மனமில்லை. கால் சறுக்கி, கழுத்துவரை மூழ்கினேன்.

அப்போது, சோறு கொண்டுவந்திருந்த என் மனைவி கரையில் நின்று என் பெயரைச் சொல்லி அலறினாள். புருஷன் பெயரைப் பெண்கள் வாயால் சொல்லாத காலம் அது. என் கை தானாகத் தூண்டிலை விட்டது. மச்சான் வேட்டியை வீசி என்னைக் கரையேற்றினார்.

“பேரச் சொல்லிட்டேன், கோவப்படுதியளா?” என்று அவள் கேட்டாள்.

ஒரு மீனுக்காக இவளை எந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. அதன்பிறகு அவள் என் பெயரைச் சொன்னதே இல்லை.