கண்ணப்பன் எதனால் செத்தான் என்று கேட்டவள்

குணசுந்தரி ஜெயித்தவை இவை. கழுத்தில் கட்டியாகக் கிளம்பிய காசநோயைத் தலைகாட்டும்போதே பிடித்து, ஒரு வேளை மாத்திரைகூட விடாமல் விழுங்கி ஜெயித்தாள். குழாயடியில் அவள் குடத்தை மட்டும் தள்ளி வைத்த பெண்களை, ஒரு சொல் சண்டை போடாமல் ஜெயித்தாள். ஏரியில் எந்த வீடு எங்கே வலை கட்டலாம் என்று சீட்டுப் போட்டுப் பிரிக்கும் முறைக்குப் பாடு என்று பெயர். புருஷன் போனால் கைவிட்டுப் போகும் என்றிருந்த அந்தப் பாட்டைத் தன் பெயரிலேயே வாங்கினாள். அந்தக் குப்பத்தில் ஒரு பெண்ணின் பெயர் சீட்டுக் குடத்துக்குள் விழுந்தது அதுவே முதல் தடவை.

இவற்றில் எதுவும் நடக்கும் என்று அந்த மாசி மாதத்துக் காலையில் யாரும் சொல்லியிருக்க முடியாது.

அவள் புருஷன் கண்ணப்பன் விசாகப்பட்டினத்தில் மீன்பிடி லாஞ்சில் வேலை செய்துவிட்டு எண்பத்தாறில் திரும்பி வந்தான். வந்த கொஞ்ச நாளில் உடம்பெல்லாம் தடித்துப் புண்ணானது. பட்ட இடமெல்லாம் தடிக்கவைக்கும் சொறிமீன் வலையில் ஏறுகிற காலம் அது. ஆண்கள் எல்லோருமே சொறிந்துகொண்டிருந்தார்கள். அவனுக்கும் அதுதான் என்று மாமியார் காசியம்மாள் சுண்ணாம்பும் தேங்காயெண்ணெயும் குழைத்துத் தடவினாள். மற்றவர்களுக்கு ஆறியது; அவனுக்கு ஆறவில்லை. அப்புறம் இருமல். இளைத்துக்கொண்டே போனான், அரைஞாண் கயிற்றைக் குணசுந்தரி மறுபடி மறுபடி இறுக்கிக் கட்ட வேண்டியிருந்தது. கடைசியில் தலைவலி, பேச்சுக் குழறல். அவளுடைய அண்ணன் வரதன்தான் தோணியிலும் பஸ்ஸிலுமாக அவனைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அங்கே ஒரு விடியலில் அவன் உயிர் போயிற்று.

டாக்டர் மார்கரெட் அவளை நாற்காலியில் உட்காரவைத்துப் பேசினார்.

“அவர் ரத்தத்துல எய்ட்ஸ் கிருமி இருந்துச்சும்மா. ஆனா அது நேரா கொல்றதில்ல. உடம்போட கதவைத் திறந்து விட்டுடும். உள்ளே நுழைஞ்சு கொன்னது எதுன்னு எங்களுக்குத் தெரியல. காசநோயா இருக்கலாம், மூளையில பூஞ்சையா இருக்கலாம். திறந்து பார்த்தாதான் தெரியும். அதுக்கு உன் சம்மதம் வேணும்.”

“எனுக்கும் அந்தக் கிருமி கீதா?”

டாக்டர் பார்வையைத் திருப்பவில்லை. “ரத்தம் பார்க்கணும். இருந்தா, அவரைக் கொன்னது உனக்கும் வரலாம். அது எதுன்னு தெரிஞ்சா, தலைகாட்டும்போதே பிடிச்சிடலாம்.”

வெளியே வேனோடு காத்திருந்தான் கொழுந்தன் முனியன்.

“அறுத்த ஒடம்ப ஊர் நாட்டாருங்க கரையில எறக்க வுட மாட்டாங்க அண்ணி. டிபின்னு எழுதி வாங்கிகினு வா. மானமா பொதைச்சுடலாம். பாடும் நம்ம வூட்லயே நிக்கும்.”

“இல்லாங்காட்டி?”

“இல்லாங்காட்டி நீ உங்க அண்ணன் வூட்டப் பாத்துப் போவ வேண்டிதுதான்.”

வரதனே தன் மாமனார் வீட்டில்தான் ஒண்டிக்கொண்டிருந்தான். குணசுந்தரி சுவரில் சாய்ந்தாள். நீரோட்டத்தோடு கட்டுவலைக்குள் போன இறாலுக்குத் திரும்புகிற வழி கிடையாது. டிபி என்று வாங்கிக்கொண்டு போனால் ஊர் மிச்சம். ஆனால் தன்னை எது கொல்லப்போகிறது என்று தெரியாமலே அந்த ஊரில் உட்கார்ந்திருக்க வேண்டும். திறக்கச் சொன்னால் அது தெரியும். உட்காரத்தான் ஊர் இருக்காது.

“அண்ணா, நீ இன்னா சொல்ற?”

“ஒடம்பு உன்னுது. நீதான் சொல்லணும்” என்றான் வரதன். “முனியன் போய்ட்டா நான் வேற வண்டி பாக்கறேன்” என்றான்.

முனியனோடு வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்த காசியம்மாள் எழுந்து வந்தாள். “மீன அறுக்கறா மாதிரி எம்புள்ளைய அறுக்கச் சொல்றியாடி? அருவாமணைய குடுத்தா நீயே குந்தி அறுப்ப போல கீது!”

“அத்தே, அந்த வருசம் ஏரியில மடவை செத்து மெதந்திச்சே. பசிக்குதுன்னு அப்டியே தூக்கிக் கொழம்பு வச்சியா?”

மீன் செத்து மிதந்தால், குப்பத்தில் மூத்தவள் ஒன்றை அறுத்துப் பார்த்துச் சொல்லும்வரை யாரும் உலை வைப்பதில்லை. அந்த வருஷம் மூத்தவள் காசியம்மாள்தான்.

“நீதான அறுத்த? செவுளைத் தெறந்து, சேறு அடைச்சுகினு செத்துது, வெஷம் இல்லன்னு சொன்ன. அப்பாலதான ஊரே துன்னுச்சு.”

“அது மீனுடி.”

“மீனுக்குப் பாத்தத இவருக்குப் பாக்க வாணாமா அத்தே?”

காசியம்மாள் தரையில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். “மூஞ்சி மட்டும் கெடாம பாத்துக்கச் சொல்லு” என்றாள்.

முனியன் வேனில் ஏறிக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனான்.

சம்மதத் தாளோடு மைப்பெட்டியையும் நகர்த்தி வைத்தார் குமாஸ்தா. அதுவரை அவளுக்கு எல்லாமே கட்டைவிரல்தான். ஆனால் தன் பெயரின் உருவம் அவளுக்குத் தெரியும். எழுபத்தொன்றில் அவள் நைனா கட்டிய தோணிக்கு அவள் பெயர்தான். வருஷா வருஷம் தார் பூசிய பிறகு வரதன் சுண்ணக்கட்டியால் கோடு போடுவான்; அவள் அதன்மேல் வெள்ளைப் பெயிண்ட் இழுப்பாள்.

மைப்பெட்டியைத் தள்ளிவிட்டுப் பேனாவைக் கேட்டாள். தூரிகைபோல நிமிர்த்திப் பிடித்தாள். கோடு போட்டுத் தர யாரும் இல்லை. ஒவ்வோர் எழுத்தாக இழுத்தாள். அச்சடித்த வரிகளின்மேல் ஏறி, தாளின் ஓரம்வரை போயிற்று.

“ஏம்மா, இன்னா, படகுக்கா பேரு எழுதற?” என்றார் குமாஸ்தா.

“எழுதட்டும் சார்” என்றான் வரதன்.

கடைசி எழுத்தின் சுழியையும் அவள் முடித்தாள். அன்றைக்குத் தேதி 1988 பிப்ரவரி 17, புதன்கிழமை.