ஆவணிக் கால்வாயில் ஒரு பெர்ஷ்

பிரெஞ்சு வழக்கப்படி ஓகஸ்ட் மாதம் உணவகத்தைப் பூட்டிவிட்டு முதலாளி கடற்கரைக்குப் போய்விடுவார். அந்த உணவகத்தில் சமையற்காரராக இருக்கும் மகேந்திரராசா தூண்டிலோடு ஒபர்வில்லியே கால்வாய்க்குப் போவார். அவருக்கு அது போதுமான விடுமுறை.

வெயில் காலத்தில் பெர்ஷ் மீன் பிடிப்பது சுலபமில்லை. முதுகில் முள்ளும் உடம்பில் கரும்பட்டைகளும் உள்ள இந்த மீன் வசந்தத்தில் கரையோரம் கூட்டமாகத் திரியும். தண்ணீர் சூடேறிவிட்டால் ஆழத்துக்கு இறங்கிவிடும். பாலத்தின் நிழலுக்கு அடியிலோ மதகுக்குக் கிட்டவோ அசையாமல் நிற்கும். விடியப்புறம் கொஞ்ச நேரம்தான் வாய் திறக்கும். இதை மகேந்திரராசாவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பல கோடைகள் வெறுங்கையோடு வீடு திரும்பித் தானாகத் தெரிந்துகொண்டார்.

இந்த வருடம் பாலத்தடியில் ஒரு பெரிய பெர்ஷைக் கண்டிருந்தார். ஜூலை முழுக்க அதற்காக மினக்கெட்டார். அது கடிக்கவில்லை. அதற்குள் ரூ பஜோல் தெருப் பிள்ளையார் கோயிலில் திருவிழாக் கொடி ஏறிவிட்டது.

குளிர்காலத்தில் அவருடைய மனைவி கௌரிக்கு வயிற்றில் ஒரு கட்டி எடுத்திருந்தார்கள். அவர் சுகமாக எழும்பினால் தேரன்று காவடி எடுப்பதாகவும், கொடியேற்றம் தொட்டுத் தேர் வரைக்கும் ஓர் உயிரையும் கொல்வதில்லை என்றும் மகேந்திரராசா நேர்ந்திருந்தார். கௌரி எழும்பிவிட்டார்.

"அப்ப தூண்டிலை உள்ளுக்கை வையுங்கோ" என்றார் கௌரி.

"பிடிச்சிட்டு விடத்தானே போறன்."

"விட்டால் சரி. செத்துதெண்டால் காவடியைத் தொடப்படாது. சொல்லிப்போட்டன்."

"ஓம்."

அவர் அந்த ஓமைச் சும்மா சொல்லவில்லை. மண்புழுவைக் கைவிட்டு ரப்பர் மீன் வாங்கினார். கொக்கியின் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கி மழுக்கினார். பக்கத்தில் தூண்டில் போடும் கபிரியேல் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கபிரியேல் புதுச்சேரிக்காரர், தபால்காரராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு பூசை தவறவிடாதவர்.

"ராசா, உங்க பிள்ளையார் புழுவுக்குக்கூட கணக்கு பாப்பாரா?"

"பாக்காட்டிலும் அவ பாப்பா, அண்ணை."

"அப்போ எனக்குப் பரவாயில்ல. எனக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் கறி இல்ல, மீன் உண்டு."

நல்ல வெக்கையான ஒரு விடியலில் மகேந்திரராசா மெல்லிய தங்கூசி நரம்பைக் கட்டினார். தெளிந்து கிடந்த தண்ணீரில் தடித்த நரம்பு மீனுக்குத் தெரியும் என்பது அவர் எண்ணம். அது சரியாகத்தான் இருந்தது. ரப்பர் மீன் அடிவரைக்கும் போய் இரண்டு முறை துள்ளியதும் தடி வளைந்தது.

ஆனால் மெல்லிய தங்கூசியில் பெரிய மீனை இழுத்தெடுக்க முடியாது. விட்டு விட்டுத்தான் பிடிக்க வேண்டும். அவர் அவசரப்படவில்லை. மீன் ஓட, அவர் விட்டார். அது களைக்க, அவர் சுற்றினார். நெடுநேரம் கழித்துச் சிவந்த செட்டைகளோடு பெர்ஷ் வலைக்குள் வந்தது. கொக்கி வழுக்கிக்கொண்டு கழன்றது. இரண்டு கையாலும் அதைத் தண்ணீரில் விட்டார்.

மீன் பக்கவாட்டில் சரிந்தது. பிறகு வெள்ளை வயிறு மேலே தெரிந்தது.

கபிரியேல் எட்டிப் பார்த்தார். "மேல தண்ணி கஞ்சி மாதிரி இருக்கு ராசா. காத்தே இல்ல அதுல. ஓட்டி ஓட்டிக் களைக்க வெச்சிட்டீங்க."

மகேந்திரராசா வாளியில் தண்ணீர் மொண்டு மீனை அதற்குள் எடுத்துக்கொண்டு மதகை நோக்கி நடந்தார். அங்கே கதவின் இடுக்கால் எந்நேரமும் தண்ணீர் நுரைத்துக்கொண்டு விழும். கீழே இறங்கப் படி இல்லை. கரைக் கல்லில் குப்புறப் படுத்து, மீனின் கீழ்த்தாடையை விரலால் பிடித்து, விழுகிற தண்ணீருக்கு முகம் காட்டி வைத்தார். கபிரியேல் அவருடைய இடுப்புப் பட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"விழுந்துடாதீங்க. எனக்கு நீச்சல் தெரியாது."

"அப்ப என்னத்துக்கு அண்ணை பிடிக்கிறியள்?"

"யாராவது பாத்தா, புடிச்சான்னு சொல்லணும்ல."

செவுள் அசையவில்லை. பிறகு ஒருமுறை அசைந்தது. வெயில் முதுகில் ஏறிக்கொண்டிருந்தது. சைக்கிளில் போனவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கை விறைத்த பிறகு மீன் தாடையை ஒரு வெட்டு வெட்டி, நிமிர்ந்தபடி கீழே போய்விட்டது.

"போயிடுச்சு" என்றார் கபிரியேல்.

"போட்டுது. உயிரோடை இருக்குமோ தெரியேல்லை."

வெக்கையில் விட்ட மீன் அன்றைக்கு நீந்திவிட்டு மறுநாள் மிதப்பதை அவர் கண்டிருக்கிறார். அதனால் மறுநாளும் அதற்கு மறுநாளும் விடியவே எழும்பிப் போனார்.

"தடி இஞ்சை நிக்குது. நீங்கள் எங்கை போறியள்?" என்று கௌரி கேட்டார்.

அவர் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். கௌரி தேத்தண்ணியை ஆற்றி அவரிடம் நீட்டினார்.

"கண்டால் மறைக்காதேங்கோ" என்றார்.

மகேந்திரராசா தினமும் பாலத்திலிருந்து மதகு வரைக்கும் இரு கரையையும் பார்த்துவிட்டு வந்தார். ஒன்றும் மிதக்கவில்லை. தேரன்று மட்டும் போக முடியவில்லை. விடியவே கோயிலில் நிற்க வேண்டும். அன்றைக்குத்தான் எல்லா நாளையும்விட வெக்கை.

தெருவில் உடைக்கவென்று தேங்காய் குவித்திருந்தார்கள். காவடிக்காரர் ஒவ்வொருவராகத் தோளில் ஏற்றிக்கொண்டார்கள். மகேந்திரராசாவின் காவடி மயிலிறகுகளோடு சுவரில் சாய்ந்து நின்றது. அவர் அதற்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" என்றார் கௌரி.

"இண்டைக்குக் கால்வாயைப் பாக்கேல்லை."

கௌரி அவரை எடுக்கச் சொல்லவுமில்லை, மறிக்கவுமில்லை.

கூட்டத்தை இடித்துக்கொண்டு கபிரியேல் வந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. சப்பாத்தில் கால்வாய்க்கரைச் சேறு.

"ரெண்டு கரையும் நடந்துட்டேன் ராசா. மதகுக்கு அந்தப் பக்கம்கூடப் பாத்தேன். ஒரு செருப்பு, ஒரு பந்து, பாதி தர்ப்பூசணி. மீன் இல்ல."

"வடிவாப் பாத்தனீங்களோ?"

"நாப்பது வருஷம் வீட்டு நம்பர் பாத்த கண்ணு. தூக்குங்க."

மகேந்திரராசா குனிந்து தோளைக் கொடுத்தார். கௌரி ஒரு பக்கம் பிடித்தார். மறுபக்கம் பிடிக்க ஆளில்லாமல் காவடி சரிந்தது. கபிரியேல் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைப் பிடித்தார்.