மீன்தொட்டிக்கு ஒரு பொட்டு

வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் கழுவாத பொருள் கிடையாது. கல்யாணமான புதிதில் என் கணவர் சிதம்பரத்திலிருந்து ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கிவந்தார். மணல் பரப்பி, நீர்ச்செடிகள் நட்டு, கப்பி மீன்களை விட்டார். அதை மட்டும் அழுக்காக விட்டுவிடுவேனா? வாராவாரம் செடிகளைப் பிடுங்கி அலசி, மணலைக் கழுவி, திரும்ப நட்டுவைப்பேன். செடிகள் அழுகின. அழுகல் செடியை நம் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரரை இருவரும் சேர்ந்து திட்டினோம். புதுச் செடி வாங்கினோம். அதுவும் அழுகியது.

பிறகு பிரசவத்துக்காகப் பெண்ணாடத்திலிருக்கும் அம்மா வீட்டுக்குப் போனேன். கைக்குழந்தையோடு திரும்பியபோது தொட்டிக்குள் ஒரு குட்டித் தோப்பே நின்றது. இலைகளுக்கு நடுவே மீன்குஞ்சுகள்.

"என்னங்க பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. நீ இல்லாதப்ப யாரு புடுங்கிக் கழுவுறது? அதுவா வேர் புடிச்சிகிச்சி."

எனக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை கை துறுதுறுத்தது. கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்து, நடுவில் ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன். உள்ளேயிருந்து ஒரு குஞ்சு வந்து அதைக் கொத்திப் பார்த்தது.