ஆறாத அடுப்பும் கவர்காரரும்

எதையாவது திறந்து போட்டிருந்தால் கவர்காரருக்குக் கை அரிக்கும். முப்பது வருஷமாகக் கார் சீட்டுக்கும் ஸ்கூட்டருக்கும் உறை தைத்த கை சும்மா இருக்குமா? வீட்டில் ரிமோட்டுக்கு உறை, மிக்ஸிக்கு உறை, வாசல் குழாய்க்குக்கூட ஒரு குல்லா. "பத்து நிமிஷம் அசையாம உக்காந்தா எனக்கும் அளவு எடுத்துடுவார்" என்பது அவர் மனைவியின் பழைய பல்லவி.

அப்பேர்ப்பட்ட மனுஷர் வீட்டுப் பின்பக்கத்தில்தான் மாப்பிள்ளை அந்தப் பீங்கான் கிரில் அடுப்பைக் கொண்டு வந்து இறக்கினான். பெரிய முட்டை மாதிரி இருக்கும், மூடியும் பீங்கான். அவர்கள் இருக்கும் மாடி வீட்டில் கரி மூட்ட விடமாட்டார்களாம். அதனால் ஞாயிறுதோறும் மகளும் மாப்பிள்ளையும் வந்து கோழி சுடுவார்கள், சாப்பிடுவார்கள், நாலு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவார்கள். அதற்கு முன்பு மகள் மாதத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தாலே பெரிய விஷயம். அடுப்புக்கு ஏதாவது ஆனால் ஞாயிற்றுக்கிழமை போச்சு என்று கவர்காரருக்கு நன்றாகத் தெரியும். அதனால் அதன் மேல் உயிரையே வைத்திருந்தார்.

அவர் ஒன்றின் மேல் உயிரை வைத்தால் அதற்கு உறை வந்துவிடும். இரட்டைத் தையல் போட்டு, சாம்பல் நிற ரெக்சினில் தைத்துத் தயாராக வைத்திருந்தார்.

அந்த ஞாயிறு மாப்பிள்ளை கிளம்பும்போது படித்துப் படித்துச் சொன்னான். "மாமா, காத்துப் போற ஓட்டையெல்லாம் அடைச்சிட்டேன், கரி தானா அணைஞ்சிடும். ஆனா பீங்கான் சூட்டைப் பிடிச்சு வச்சுக்கும். நாளைக்குக் காலையில மூடியைத் தொட்டுப் பாருங்க, சில்லுனு இருந்தா உறை போடுங்க. ஈரமா இருந்தா துடைச்சிட்டுப் போடுங்க."

"ஆகட்டும் மாப்பிள்ளை" என்று தலை ஆடியது. மனசு உறையிடம் இருந்தது.

ஐந்தரை மணிக்கு நாலு தூறல் விழுந்தது. கவர்காரர் ஓடிப்போய் அடுப்பைத் தொட்டார். எங்கே தொட்டார்? கைப்பிடியை. அது மரம், எப்படிச் சுடும்? "ஆறிப்போச்சு" என்று தனக்குத் தானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டு உறையை மாட்டி, நாடாவையும் இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு வந்தார். கால் மணி நேரத்தில் டயர் கருகுகிற நாற்றம் சமையலறைக்குள் நுழைந்தது.

அவர் மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "உங்க உறையும் அடுப்பும் ஒட்டி உறவாடுது. இனிமே யாரு பிரிக்கிறது?" என்றாள்.

மறுநாள் மரக் கரண்டியால் சுரண்டு சுரண்டு என்று சுரண்டினார். மூடியின் உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புத் திட்டு மட்டும் போகவே இல்லை. அந்த வாரம் பூராவும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தார். புதிதாக இன்னொரு உறை தைத்துத் திட்டை மூடினார்.

ஞாயிறு மாப்பிள்ளை உறையைத் தூக்கினான். "மழை வந்துச்சு மாப்பிள்ளை..." என்று ஆரம்பித்தார். மாப்பிள்ளை அடுப்பைப் பார்த்தான். பிறகு அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான்.

"சுட்டுக்கலையே மாமா?"

 இத்தனை நாளும் கவர்காரர் அவனை அடுப்போடு வந்து போகிற ஆளாகத்தான் நினைத்திருந்தார், அதை எண்ணி வெட்கமாக இருந்தது.

தீர்ப்பு சொன்னது மகள். "அப்பாவை நம்பி உறையை விட்டுட்டுப் போக முடியாது. இனிமே ஞாயித்துக்கிழமை ராத்திரி இங்கேயே தங்கறோம். காலையில நாங்களே மூடிட்டு வேலைக்குப் போறோம்."

கவர்காரர் அவமானப்பட்டவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். அதற்கு அவர் பட்ட பாடு தனக்குத்தான் தெரியும் என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள்.

திங்கள் காலை மகள் உறையோடு வந்தாள். அடுப்பு எப்போதோ சில்லிட்டுக் கிடந்தது. கவர்காரர் மூடியின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்து, கண்ணை மூடி, வெகுநேரம் யோசித்தார்.

"இன்னும் லேசா சூடு இருக்கும்மா" என்றார். "இன்னொரு காபி குடிச்சிட்டு அப்புறம் பார்க்கலாம்."