பாறைக்குப் பின்னால் போன பல்சர்

1987, மாசி மாதத்து ஞாயிறு, காலை ஏழே கால். தருமபுரியில் பென்னாகரம் வண்டி ஏறினேன். முப்பது கிலோமீட்டர், டிக்கெட் மூன்று ரூபாய்.

"ஒகேனக்கல்லுங்களா சார்?" என்றார் கண்டக்டர்.

"இல்லீங்க, பென்னாகரம். போன மாசம் அங்க பேசுன பேச்சைத் திரும்ப வாங்கப் போறேன்."

"அதுக்கெல்லாம் ரிட்டர்ன் டிக்கெட் கெடையாதுங்களே!"

சங்கதி இதுதான். பென்னாகரம் நூலக வாசகர் வட்டத்தில் பல்சர்களைப் பற்றிப் பேசியிருந்தேன். பெரிய நட்சத்திரம் வெடித்தபின் மிஞ்சும் சிறு உருண்டைதான் பல்சர். பம்பரமாய்ச் சுழலும். ஒவ்வொரு சுற்றிலும் அதன் ரேடியோ கதிர் நம் பக்கம் திரும்பி ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகும். கடிகாரம் தோற்கும். அதோடு நிறுத்தியிருக்கலாம். "துடிப்பு நின்றால் நட்சத்திரம் செத்தது" என்றும் சொல்லிவைத்தேன்.

கடிகாரம் பழுதுபார்க்கும் காதர் பாய் எழுந்தார். "நின்னதெல்லாம் செத்ததாங்க சார்?"

"எங்க வூட்டுச் சுவர்க் கடிகாரம் நின்னு ரெண்டு வருசம் பாய். கருமாதியே முடிஞ்சுது!" என்றேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

நுணலும் தன் வாயால் கெடும். பிறகுதான் படித்தேன்: தன்னைவிடப் பல மடங்கு பெரிய நட்சத்திரத்தைச் சுற்றிவரும் பல்சர், அதன் பின்னால் போகும்போது துடிப்பு நமக்கு எட்டாது, வெளியே வந்ததும் எட்டும். எக்ஸ் கதிரில் துடிப்பவற்றில் இதைக் கண்டாயிற்று. ரேடியோவில் துடிப்பது இன்னும் யாருக்கும் அகப்படவில்லை, தேடுகிறார்கள். ஆக, பாய் கேட்டதுதான் சரி.

எட்டரைக்குக் கடைக்குப் போனேன். கண்ணில் இடுக்கிய லென்ஸை பாய் எடுக்கவில்லை.

"அன்னிலேர்ந்து வர்றவனெல்லாம், 'பாய், இதை ரிப்பேர் பண்ணுவீங்களா, பொதைப்பீங்களா'ங்கறான் சார். வாட்சைத் தருமபுரிக்கே கொண்டுபோறாங்க."

"தப்பு என்னுது பாய்."

"எங்கிட்ட சொல்லி என்ன பண்றது? சிரிச்சவங்ககிட்ட சொல்லுங்க. வட்டம் மொத்தமும் இன்னிக்கு ஒகேனக்கல்லுல மீன் தின்னப் போயிருக்குது."

கடையைப் பூட்டச் சொல்லி அவரையும் வண்டி ஏற்றினேன். இன்னும் பதினாறு கிலோமீட்டர், ஆளுக்கு ஒன்று அறுபது.

பதினொரு மணி. கரையில் வட்டத்தார் சாப்பாட்டுத் தூக்குகளோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் பேச, அருவி இரைச்சல் அதை விழுங்கியது. "சத்தமா சார்! உங்க துடிப்பும் நின்னுபோச்சா?" என்றார் மாவு மில் கோவிந்தன்.

பாய் கோவிந்தனின் எவர்சில்வர் தூக்கு மூடியை எடுத்துக்கொண்டு பரிசலில் ஏறினார். பரிசல்காரர் மாதையன், "சுத்தணுங்களா? பத்து ரூபா. தலை சுத்துனா நான் பொறுப்பில்லீங்க" என்றார்.

பரிசல் சுழன்றபடியே நடு ஆற்றுப் பாறையைச் சுற்றிக் கிளம்பியது. பாய் மூடியை வெளிப்பக்கம் காட்டிப் பிடித்திருந்தார். வெயில் பட்டு, சுற்றுக்கு ஒரு மின்னல்.

"அதுதான் பல்சர்! பாறைதான் பெரிய நட்சத்திரம்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

கோவிந்தன் எண்ணினார்: "ஒண்ணு... ரெண்டு... ஏழு..." பரிசல் பாறைக்குப் பின்னால் போனது. மின்னல் இல்லை.

"செத்துப்போச்சு!" என்றார் ஒருவர். சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியது. பரிசல் வரவில்லை. கோவிந்தன் எழுந்தார். "யோவ், பாய்க்கு நீச்சல் தெரியுமா?"

பாறையின் மறுபக்கத்திலிருந்து பளீரென்று கண்ணில் அடித்தது.

"வந்துட்டாருய்யா!" முதலில் கைதட்டியவர் கோவிந்தன்தான்.

கரையேறிய மாதையன் எங்கள் முகங்களைப் பார்த்துச் சிரித்தார். "மறைஞ்சதெல்லாம் முழுவுனது இல்லீங்க. இது தெரியலன்னா பரிசல்காரன் பொண்டாட்டி தெனம் தாலி அறுக்கணும்."

நான் எல்லோரையும் கிட்டே கூப்பிட்டுச் சொன்னேன்: "அன்னிக்கு நான் சொன்னது தப்புங்க. பாய் கேட்டதுதான் சரி."

கோவிந்தன் தலையைச் சொறிந்தார். பிறகு மணிக்கட்டிலிருந்து வாட்சைக் கழற்றி நீட்டினார். "பாய், இது பாறைக்குப் பின்னால போயி ஒரு வாரமாச்சு. கொஞ்சம் பாருங்க."

பாய் அதைக் காதில் வைத்து ஆட்டிப் பார்த்தார். "வந்துரும்" என்றார்.

மாலை ஐந்தரைக்குத் தருமபுரி. ஆற்றங்கரையிலிருந்து வந்தவனுக்கு என் வீடு ரொம்ப அமைதியாகத் தெரிந்தது. இரண்டு வருடமாய் அப்படித்தான் இருந்திருக்கிறது. ஸ்டூல் போட்டு ஏறி, சுவர்க் கடிகாரத்தை ஆணியிலிருந்து இறக்கித் துண்டில் சுற்றி வைத்தேன்.