சிக்ஸர் வாங்கியவர் பக்கம்

முதல் முறை என் மனைவிக்கு ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதியில் மட்டும்தான் மதிப்பெண் குறைந்தது. மற்ற எல்லாவற்றிலும் தேறியிருந்தாள். பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சை வார்டில் அவள் செவிலியர். இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனை அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது; ஆங்கிலத் தேர்வில் தேறுவது மட்டுமே பாக்கி. இன்னொரு முறை எழுதலாம், அதுவரை இடத்தை வைத்திருப்போம், அதற்கு மேல் காத்திருக்க முடியாது என்று அவர்கள் எழுதிவிட்டார்கள்.

பேச்சுத் தேர்வில் தேர்வாளர் நோயாளியாக நடிப்பார். அன்று வந்தவர் தனக்கு ‘அண்டர் த வெதர்’ போலிருக்கிறது என்றிருக்கிறார். உடம்பு சரியில்லை என்பதை அங்கே அப்படிச் சொல்வார்கள். இவள் வெளியே மழையா என்று கேட்டு, ஜன்னலைச் சாத்தட்டுமா என்றும் விசாரித்திருக்கிறாள்.

“ஊர்ப்பட்ட நோயாளிகளப் பாத்தவ நான். ஒரு ஆளு ஒடம்புக்கு முடியலன்னு சொல்லுதான், நான் வானிலை அறிக்கை வாசிச்சுட்டு வந்திருக்கேன்,” என்றாள்.

எதற்காக அங்கே போக வேண்டும் என்று ஆரம்பத்தில் ஒருமுறை கேட்டிருந்தேன். “அங்க நர்ஸு சொன்னா டாக்டரு நின்னு கேப்பாராம்,” என்றாள். அதன்பிறகு நான் கேட்கவில்லை.

வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் பயிற்சி வகுப்பு நடந்தது. நான் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். வேலை மாலையில்தான் தொடங்கும் என்பதால், மதியம் அவளை வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன். மாணவிகள் எல்லோரும் செவிலியர்கள். பயிற்சி கொடுத்த இளம்பெண் அந்த நாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர். அந்த வாரம் விளையாட்டிலிருந்தும் வெயிலிலிருந்தும் வந்த மரபுத்தொடர்களை எடுத்துக்கொண்டார்.

“உங்களப் பாத்து ஒரு பாட்டி ‘ரே ஆஃப் சன்ஷைன்’னு சொன்னா, அது பாராட்டு. வெயில் கீற்று மாதிரி இருக்கீங்கன்னு அர்த்தம்.”

வகுப்பு சிரித்தது. உடன்குடியிலிருந்து வந்த ஒரு பெண் எழுந்தாள். “எங்க ஊர்ல ஒருத்தியப் பாத்து நீ வெயிலு மாதிரி இருக்கேன்னா மல்லுக்கு வந்துருவாக்கா.”

“ஒரு வாரம் சூரியனப் பாக்காம இருந்து பாரு. அப்புறம் வந்து சொல்லு,” என்றார் பயிற்சியாளர்.

என் மனைவி சிரிக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் பின்னாலிருந்து சொன்னாள்: “அவங்க வெயிலுன்னு சொல்லுத எடத்துல எல்லாம் நான் சாரல்னு வச்சுக்கிடப் போறேன்.”

யோசித்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. ஆனி மாதம் குற்றாலத்துச் சாரல் காற்று எங்கள் ஊர் வரைக்கும் வந்து எட்டிப் பார்க்கும். அன்றைக்கு வண்டி ஓட்டுபவர்கள் ஒருவரையொருவர் திட்டுவதில்லை. அந்த ஈரத்துக்கு நாங்கள் ஏங்குவதுபோல அவர்கள் வெயிலுக்கு ஏங்குகிறார்கள். வெயில் அடிக்கும்போதே வைக்கோலைக் காயப்போடு என்று அங்கே பழமொழி இருக்கிறது. நாம் காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்கிறோம். சாரல் என்று வைத்துக்கொண்ட பிறகு வெயில் தொடர்கள் எதிலும் அவள் தடுமாறவில்லை.

விளையாட்டுத் தொடர்களுக்கு நானே போதும் என்று நினைத்தேன். விளையாட்டுப் பக்கத்தில் பல காலம் வேலை பார்த்தவன். அவளுக்கு டியூட்டி இல்லாத காலை நேரங்களில் நான் நோயாளியாகக் கட்டிலில் படுத்துக்கொள்வேன். அவள் பக்கத்தில் நின்று விசாரிப்பாள். ஒருநாள் நான் ஆங்கிலத்தில் முனகியது சற்று அதிகமாகிவிட்டது. மாடி வீட்டு அண்ணாச்சி கதவைத் தட்டினார்.

“என்ன வே, ஒடம்புக்கு முடியலியா? இங்கிலீஷ்ல மொனங்குதீரு?”

“அவுகளுக்கு ஒண்ணுமில்ல அண்ணாச்சி,” என்றாள் இவள். “எனக்குப் பரீச்சை. அதுக்கு அவுக சாவுதாவ.”

அதே காலையில்தான் அந்தத் தொடர் வந்தது. வகுப்பில் கொடுத்த தாளில் அர்த்தம் போடாமல் விட்டிருந்தார்கள். அர்த்தம் தேவையே இல்லை என்று எனக்குத் தோன்றியது. “ஸ்கேன் முடிவு வந்தது. இட் நாக்டு மீ ஃபார் சிக்ஸ்,” என்று முகமெல்லாம் மலர்ச்சியாகச் சொன்னேன்.

“எதுக்கு இளிக்கிய?”

“சிக்ஸர்லா? முடிவு நல்லபடியா வந்திருக்கு. கொண்டாட்டம்.”

“யாருக்குக் கொண்டாட்டம்?”

“ஏளா, பந்து கூட்டத்துக்குள்ள போய் விழுது. யாருக்குன்னு கேக்கே?”

“அடிச்சவனுக்குக் கொண்டாட்டம். பந்து போட்டவன் மூஞ்சி எப்படி இருக்கும்? இந்த ஆளு என்னய அடிச்சுப் போட்டுச்சுன்னுல்லா சொல்லுதாரு. அடிச்சேன்னா சொல்லுதாரு?”

நான் எழுந்து உட்கார்ந்தேன். எங்கள் அலுவலகத்தில் யாரும் எழுதிவைக்காத ஒரு வழக்கம் உண்டு: தலைப்பில் அடித்தவன் பெயர்தான் வரும். ஓவர் முழுக்க அடி வாங்கிய பந்துவீச்சாளன் மூன்றாவது பத்தியில் இருப்பான். அந்தப் பழக்கத்தில் அர்த்தத்தை நான் நேர் எதிராக எடுத்திருந்தேன். அன்று மதியம் பயிற்சியாளரிடம் கேட்டோம். ஒரு செய்தி ஆளையே நிலைகுலைய வைத்துவிட்டது என்று பொருள் என்றார். ஸ்கேன் முடிவு வந்த நோயாளியைப் பார்த்து இவள் வாழ்த்துச் சொல்லியிருந்தால் தேர்வு அங்கேயே முடிந்திருக்கும்.

“ஒங்க பேப்பர்ல தோத்தவன் படம் போடவே மாட்டியளோ?” என்றாள் படியிறங்கும்போது.

“போடுவோம். உள்பக்கத்துல, சின்னதா.”

“என் வார்டு பூரா அந்த உள்பக்கத்து ஆளுகதான்.”

அன்றிலிருந்து ஒவ்வொரு விளையாட்டுத் தொடருக்கும் அவள் ஒரே கேள்விதான் கேட்டாள்: இதைச் சொல்லுபவர் அடித்தவரா, வாங்கியவரா? குத்துச்சண்டை, டென்னிஸ், குதிரைப் பந்தயம் என்று அவள் ஒருநாளும் பார்த்திராத ஆட்டங்களையெல்லாம் இந்தக் கேள்வியை வைத்தே தாண்டினாள்.

தேர்வு மதுரையில். நான் எதிரே இருந்த டீக்கடையில் நின்றேன். வெளியே வந்தவள் முதலில் தண்ணீர் கேட்டாள். குடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்.

“படிக்காதது வந்துட்டு. கோல்போஸ்டை நகட்டிக்கிட்டே இருக்காங்கன்னு நோயாளியா வந்தவரு சொல்லுதாரு.”

எனக்கு அது தெரிந்த தொடர். தாளில் இல்லை, நானும் சொல்லிக்கொடுக்கவில்லை. “நீ என்ன சொன்னே?”

“ஃபுட்பால் பத்தி எனக்கு என்ன தெரியும்? அவரு நடிக்கத்தான் செய்யுதாரு. ஆனா மூஞ்சி உர்ருன்னு இருக்கு. முதல்ல திங்கக்கிழமை வீட்டுக்குப் போகலாம்னாங்க, பெறகு வியாழக்கிழமைன்னாங்கன்னு சொல்லிட்டுத்தான் கோல்போஸ்டுக்கு வந்தாரு. பாவம், இவரு ஒதைக்கப் போறப்ப எல்லாம் கம்பம் வேற எடத்துல நிக்கிதுன்னு நெனச்சுக்கிட்டேன். தேதிய மாத்திக்கிட்டே இருந்தா யாருக்கும் ஆத்தாமையாத்தான் இருக்கும், டாக்டர்கிட்டக் கேட்டு நானே வந்து ஒரு தேதி சொல்லுதேன்னேன்.”

“சரிதான்,” என்றேன்.

“சரியா இல்லியான்னு அவங்க சொல்லட்டும். நீங்க மார்க்கு போட வேண்டாம்.”

முடிவு வந்த அன்று அவளுக்குக் காலை டியூட்டி. பணி நேரத்தில் கைபேசியை எடுக்கமாட்டாள். இணையத்தில் பார்க்கும் வேலையை என்னிடம் விட்டிருந்தாள். பார்த்தேன். இன்னொரு முறை பார்த்தேன். வண்டியை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போய் வார்டு வாசலில் நின்றேன்.

ஒரு பெரியவரின் கையிலிருந்து டிரிப்ஸ் ஊசியை எடுத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தி என்னை ஒரு கணம் பார்த்தாள். குனிந்து, பஞ்சை வைத்து அழுத்தி, பிளாஸ்திரி ஒட்டினாள். அவர் கையை மடக்கிப் பிடித்திருக்கச் சொல்லிவிட்டுப் பைய நடந்து வந்தாள்.

“எப்ப கெளம்பணுமாம்?”

“நான் இன்னும் ஒண்ணும் சொல்லலியே!”

“மூஞ்சியப் பாத்தாத் தெரியாதாக்கும்?” என்றாள். “ரெண்டு மணிக்கு வாங்க. நாலாம் பெட்டுக்கு டிரெஸ்ஸிங் மாத்தணும்.”