தென்காசி போர்டில் ஒரு லண்டன் கால்

சாரல் காற்றில் மரம் சாய்ந்து, குற்றாலத்துக்குப் போகும் டெலிபோன் லைன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அறுந்துபோனது. அன்று சாயங்காலம் குற்றாலத்துக்கு லண்டனிலிருந்து ஒரு கால் வர வேண்டியிருந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. தென்காசி எக்ஸ்சேஞ்சில் நான் ட்ரங்க் ஆபரேட்டர். வெளியூர்க் கால் எல்லாம் எங்கள் கை வழியாகத்தான் போகும். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு துளையும் விளக்கும் இருக்கிற போர்டில் ஒயரைச் செருகி ஊரை ஊரோடு இணைப்போம். லண்டன் கால் பம்பாய், மெட்ராஸ், மதுரை என்று கைமாறி எங்களிடம் வரும்.

முந்தின நாள்தான் கோமதிநாயகம் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான். மெட்ராஸில் சினிமா ரெக்கார்டிங்குக்கு வயலின் வாசிக்கிற பையன். அவன் அப்பா குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர். சீசனுக்கு உதவியாக வந்திருந்தான்.

"லண்டன்ல ஆர்கெஸ்ட்ரா நடத்துத படிப்புக்கு இடம் கிடைச்சிருக்குக்கா. நாப்பது அம்பது பேரு வாசிப்பாங்க, முன்னால நின்னு கையக் காட்டி எல்லாரையும் ஒண்ணாக் கொண்டு போகணும். ஃபீஸ் கட்ட எங்களால ஆகாது. அங்க உள்ள ஒரு டிரஸ்ட்ல உதவி கேட்டிருக்கேன். அவங்கதான் நாளைக்குப் பேசுதாங்க. லாட்ஜ் நம்பரைக் குடுத்திருக்கேன்."

சூப்பர்வைசர் அருணாசலம் சார் சுருக்கமாக முடித்துவிட்டார். "குற்றாலம் லைன் டவுன்னு மதுரைக்குச் சொல்லி கேன்சல் பண்ணுங்கம்மா."

"சார், நம்ம ஆபீஸ்ல இருக்க பிசிஓ பூத்துக்கு மாத்திக் குடுத்திரலாம். லைன்மேன் மாடசாமி அங்கனதான் மரம் வெட்டப் போறாரு. பையனைக் கூட்டிட்டு வந்துருவாரு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பார்ட்டி வர்றதுக்குள்ள கால் வந்தா நீங்கதான் பதில் சொல்லணும்."

கால் முதலில் வந்துவிட்டது. மதுரை போர்டில் ராஜாத்தி அக்கா. "தென்காசி, லண்டன் லைன்ல இருக்கு. எங்க உங்க ஆளு?" பார்ட்டி வந்துகொண்டிருக்கிறார், தயவுசெய்து காத்திருங்கள் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொல்ல வாயெடுக்கும்போது, மாடசாமியின் சைக்கிள் கேரியரிலிருந்து சொட்டச் சொட்ட நனைந்தபடி கோமதிநாயகம் குதித்தான்.

பூத்தில் ரிசீவரை எடுத்தவன் முகம் செத்துவிட்டது. "அக்கா, ஒண்ணும் கேக்கல."

அவன் பேசுவது லண்டனுக்குப் போனது. அங்கிருந்து வருவதுதான் பூத்துக்குப் போகும்போது தேய்ந்துவிட்டது. என் ஹெட்செட்டில் மெலிசாகக் கேட்டது. ஒவ்வொரு கேள்வியையும் நான் திருப்பிச் சொன்னேன். ஒரு பெரியவர் கேட்டார்: உன்னைவிட வயதில் மூத்த வாத்தியக்காரர்கள் உன் பேச்சைக் கேட்காவிட்டால் என்ன செய்வாய்?

அவன் கொஞ்சம் யோசித்து ஆங்கிலத்தில் சொன்னான். "ரெக்கார்டிங்கில் நான் அவர்கள் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். முன்னால் நிற்பவருக்கே என்ன வேண்டும் என்று தெரியாதபோதுதான் நாங்கள் கேட்க மாட்டோம். நான் தெரிந்துகொண்டு போய் நிற்பேன்."

அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். பெரியவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். கரகரவென்று ஒரு சத்தம். அதோடு லைன் செத்தது.

நான் மதுரையைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். கோமதிநாயகம் பூத்தை விட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். "பிடிக்காம வச்சிட்டாங்களோ, அக்கா?" அருணாசலம் சார் தன் டீயை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அரை மணி கழித்து போர்டில் மதுரை விளக்கு எரிந்தது. ராஜாத்தி அக்காதான்.

"ஏம்ப்பா தென்காசி, பணம் தர்றோம்னு சொல்றாங்க, உங்க ஆளு ஒரு தேங்க்ஸ்கூடச் சொல்லலையே?"

"எப்பக்கா சொன்னாங்க?"

"கடைசில. முழு ஃபீஸும் தர்றோம், தங்குற செலவும் எங்களோடதுன்னு அந்தப் பெரியவர் சொன்னாரே. ஓ, உங்க பக்கம்தான் கட்டா? எனக்கு நல்லா கேட்டுச்சு."

நான் சொன்னதும் கோமதிநாயகம் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். பிறகு எழுந்தான். "அக்கா, லாட்ஜுக்கு லைன் எப்ப வரும்? அப்பாட்டச் சொல்லணும்."

"இன்னைக்கு வராது. ஏறுலே சைக்கிள்ல" என்றார் மாடசாமி.

பிற்பாடு வேலைக்குச் சேர்ந்த பெண்களுக்கெல்லாம் நான் முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்: லைன் கட்டானால், கடைசியில் என்ன பேசினார்கள் என்று அடுத்த ஊர் போர்டில் ஒரு வார்த்தை கேளுங்கள். நமக்குக் கேட்கவில்லை என்பதால் அவர்கள் சொல்லவில்லை என்று ஆகிவிடாது.